வேர்முடிச்சும் வேதாந்த முடிச்சும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, பஸ் தவறிவிட்ட காரணத்தால், ஒரு கிராமத்துக் கோவில் திடலில் நடந்த காலட்சேபத்தை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு ஏற்பட்டது. பிரசங்கியார் படித்தவர். இக்காலத்துப் பிரசங்கியாதலால், புராணத்தை மாத்திரம் நம்பிக் கொண்டிராமல் விஞ்ஞானத்தையும் பக்கவாத்தியத்துக்கு அழைத்துக் கொள்ளும் சாமர்த்தியம் உள்ளவர். அவர் ஒரு நிலக்கடலைச் செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து, மேடைமீது தூக்கிப் பிடித்து, வேரில் மணிமணியாய் ஒட்டிக்கொண்டிருந்த முடிச்சுகளை ஜனங்களுக்குக் காட்டினார்.

"இந்தச் செடிக்குச் சோறு போடுவதற்கென்று மண்ணுக்குள் ஒரு கிருமியைப் படைத்து, அந்தக் கிருமி குடியிருக்க இந்த வேரிலே ஒரு வீட்டையும் கட்டிக் கொடுத்து, பூட்டுக்குச் சாவிபோல இரண்டையும் பொருத்தி வைத்தவன் யார்? நாஸ்திகர்கள் பதில் சொல்லட்டும்!" என்றார். கைதட்டல் பலமாயிருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நாமும் பஸ் வந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்போம். அவர் நிறுத்தவில்லை. "ஆகையினாலே, கடையில் விற்கிற கிருமிப் பொட்டலமெல்லாம் நமக்கு எதற்கு? நாட்டுப் பசுவின் சாணம் ஒரு பிடியில் கோடானுகோடி கிருமி இருக்கிறது. பூமாதாவுக்கு எதை எங்கே வைப்பது என்று தெரியும்" என்று முடித்தார்.

நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, முப்பது வயதுக்கு மேலிராது, மெள்ள நம் பக்கம் திரும்பி, "அண்ணே, அப்படீன்னா நான் அந்தப் பொட்டலம் வாங்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார். விசாரித்ததில், அவர் கடன் வாங்கி விதை வாங்கி, ஒரு ஏக்கரில் முதல் தடவையாகச் சோயா மொச்சை விதைக்கப் போகிறவர் என்றும், அந்த நிலத்தில் இதுவரை சோளமும் பருத்தியும் தவிர வேறு விளைந்ததில்லை என்றும் தெரிந்தது. அவருடைய இந்தக் கேள்விக்காகவே இந்த வியாசம் எழுதப்படுகின்றதே அல்லாமல், பிரசங்கியாரின் கைதட்டலில் பங்கு கேட்பதற்காக அல்ல.

முதலாவதாக, பிரசங்கியார் சொன்னதில் உள்ள உண்மையைத் தாராளமாய் ஒப்புக்கொண்டு விடுவோம். முடிச்சு உண்மை. கிருமி உண்மை. கிருமி செடிக்குத் தழைச்சத்துக் கொடுப்பதும் உண்மை. நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து பிரிக்க முடியாதபடி இறுகப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆற்றோரத்தில் கைகால் கட்டப்பட்டவன் தாகத்தால் தவிப்பது போன்றது அதன் நிலைமை. ஜெர்மனியில் ஹாபர் என்பவர் 1909இல் வழிகண்டு, பாஷ் என்பவர் அதைத் தொழிலாக்கி, 1913இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் ஆலை வைத்து அந்தப் பிடியை விடுவித்தார்கள். அதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருந்தன. அதே வேலையை இந்தக் கிருமி, நெருப்பில்லாமல், நம் காலடி மண்ணின் சூட்டிலேயே செய்து முடிக்கின்றது. இதைக் கண்டு ஒருவன் ஆச்சரியப்படுவானானால் அவனைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆச்சரியப்பட்ட அந்த இடத்திலேயே உண்டியலைக் கொண்டுவந்து வைப்பதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

நிற்க, இந்த விஷயம் மனிதனுக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். யாருக்காவது அசரீரி சொல்லிற்றா? 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலி தேசத்து மால்பிகி இம்முடிச்சுகளைப் படம் எழுதி வைத்தார். ஆனால் பூச்சி கடித்ததால் ஏற்பட்ட வீக்கம் என்றே எண்ணினார். 1838இல் பிரான்சில் பூசிங்கோ என்பவர், பயறு வகைச் செடி மாத்திரம் மண்ணில் கொடுத்ததைவிட அதிக நைட்ரஜனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நிறுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் லாஸ், கில்பர்ட், பியூ என்ற மூவரும் 1850களின் கடைசியில் இதை மறுபடி பரீட்சித்தார்கள். மகா ஜாக்கிரதைக்காரர்கள். மண்ணிலே வேறு எந்த நைட்ரஜனும் ஒட்டியிருக்கக் கூடாதென்று மண்ணைச் சுட்டெடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் செடியை வளர்த்து, உள்ளே போகும் காற்றையும் சுத்தம் செய்து பார்த்தார்கள். முடிவு: எந்தச் செடியும் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுப்பதில்லை!

பிசகு எங்கே? மண்ணைச் சுட்டபோது கிருமியும் செத்துப் போய்விட்டது. அவர்களது ஜாக்கிரதையே அவர்களை ஏமாற்றிவிட்டது. பிறகு 1886இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானியர்கள், சுட்ட மணலில் பட்டாணி வாடுவதையும், அதே மணலில் வயல் மண்ணைக் கரைத்த தண்ணீரைச் சிறிது விட்டால் அது தழைப்பதையும் காட்டி, இந்த வேலை முடிச்சிலுள்ள உயிருடையது என்று வெளியிட்டார்கள். 1888இல் ஹாலந்து தேசத்து பெயெரிங்க் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். விஞ்ஞானிகளும் தப்புச் செய்தார்களே என்று பிரசங்கியார் சிரிக்கலாம். செய்தார்கள், சுமார் முப்பது வருஷத்தில் அடுத்தவன் பரீட்சை செய்து அதைத் திருத்தினான். பிரசங்கியாருடைய புராணத்தில் எந்தப் பக்கம் எந்த வருஷத்தில் திருத்தப்பட்டது என்று அவர் தயவுசெய்து தெரிவிக்கட்டும்.

இனிப் பூட்டு-சாவி விஷயத்துக்கு வருவோம். இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம்.

ஒவ்வோர் உயிரிலும் அதன் வேலைகளுக்கான குறிப்பு, டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளில் அடங்கியிருக்கின்றது. அதிலே ஒரு வேலைக்கான ஒரு வாசகத்தை ஜீன் என்றும், மரபணு என்றும் சொல்லுகிறார்கள். குதிரைமசால் வேரில் முடிச்சுப் போடும் கிருமியின் முழு எழுத்தும் 2001இல் படித்து முடிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 67 லட்சம் எழுத்துகள். மூன்று இழைகளில் இருக்கின்றன. ஒன்று, கிருமி பிழைத்திருப்பதற்கு அவசியமான பிரதான இழை. மற்ற இரண்டும் பிளாஸ்மிட் எனப்படும் உபரி இழைகள். முடிச்சுப் போடும் ஜீன்களும் நைட்ரஜனைப் பிரிக்கும் ஜீன்களும் இந்த உபரி இழைகளில் ஒன்றில், சுமார் 13½ லட்சம் எழுத்துள்ள இழையில், இருக்கின்றன. அந்த இழையை முழுதும் இழந்துவிட்டாலும் கிருமி சாவதில்லை. முடிச்சுப் போடாமல் பிழைத்துக் கொள்ளுகிறது. ஆகவே, "செடிக்குச் சோறு போடுவதற்கென்றே படைக்கப்பட்ட கிருமி" என்பது இங்கேயே அடிபட்டுப் போகின்றது. சோறு போடும் சாமான் அதனிடம் மூட்டையாக இருக்கிறது. மூட்டை இருந்தால் போடும். இல்லாவிட்டால் தன் பாட்டைப் பார்க்கும்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது? தழைச்சத்துக்குத் திண்டாடும் வேர், மண்ணில் ஒருவிதச் சாரத்தைக் கசிய விடுகிறது. குதிரைமசாலில் அச்சாரம் லுட்டியோலின் என்று 1986இல் அமெரிக்காவில் ஷாரன் லாங் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். அந்தச் சாரம் பட்டதும் கிருமியிலுள்ள நாட்-டி என்னும் ஜீனின் புரதம் விழித்துக்கொண்டு, நாட்-ஏ, நாட்-பி, நாட்-சி என்ற மூன்று ஜீன்களை வேலையில் இறக்கிவிடுகிறது. சி என்பது நான்கைந்து சர்க்கரைத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. பி அதன் நுனியை ஒரு பக்கம் செதுக்குகிறது. ஏ அந்த இடத்தில் ஒரு கொழுப்பு வாலை ஒட்டுகிறது. இந்தச் சரக்கு வேரில் பட்டதும் வேரின் ரோமம் பசுவின் கொம்புபோல் வளைந்து கிருமியைச் சுற்றிக்கொள்ள, உள்ளே ஒரு குழாய் உண்டாகி, அதன் வழியாய்க் கிருமி போய்ச் சேருகிறது. அதற்கு முன்பே உள்ளே முடிச்சு புடைக்க ஆரம்பித்துவிடுகிறது.

சங்கிலிக்கு உபயோகப்படும் அந்தச் சர்க்கரை எது தெரியுமா? வண்டின் ஓட்டிலும் காளானின் சுவரிலும் இருக்கும் அதே கைட்டின் சரக்குதான். பயறு வகைச் செடிகள் உலகத்தில் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, சுமார் 40 கோடி வருஷங்களாக, செடிகளின் வேரில் ஒருவகைப் பூஞ்சைகள் சிநேகமாய் வாழ்ந்து வருகின்றன. அப்பூஞ்சைகளை உள்ளே விடுவதற்குச் செடியில் ஏற்கனவே இருந்த ஏற்பாட்டைத்தான் கிருமி விஷயத்திலும் செடி உபயோகித்துக் கொண்டிருக்கிறது என்பதும், அப்பூஞ்சைகளும் ஏறக்குறைய இதே மாதிரிச் சரக்கை வெளிவிடுகின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கின்றன. சர்வ வல்லமையுள்ளவன் புதிதாய்ச் செய்த பூட்டானால், பழைய வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டவேண்டிய அவசியம் என்ன என்று கேட்கின்றோம்.

சரி, ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதானா? அதையும் பார்ப்போம். குதிரைமசால் கிருமியில் நாட்-எச் என்று ஒரு ஜீன் உண்டு. அது மேற்படி சரக்கின்மேல் கொஞ்சம் கந்தகச் சேர்மானத்தை ஒட்டுகிறது. அந்த ஒரு ஜீனைக் கெடுத்துவிட்டால் குதிரைமசால் அக்கிருமியைச் சட்டை செய்வதில்லை. ஆனால் முன்பு சட்டை செய்யாத வெட்ச் என்னும் வேறொரு தீவனப் பயறு அதை ஏற்றுக்கொள்ளுகிறது. பரிசோதனைசாலையில் ஒரு ஜீனைக் கெடுத்தவன் கை, தெய்வ சங்கற்பத்தை ஒரே நாளில் வீடு மாற்றிவிட்டது! இன்னொரு கிருமி, பாப்புவா நியூகினியில் மொச்சை வேரிலிருந்து எடுக்கப்பட்டது; 112 ஜாதிச் செடிகளின் வேரில் அது முடிச்சுப் போடுகிறது. 112 வீட்டுக்கும் ஒரே சாவி என்றால், நம் ஊரில் அதைச் சாவி என்றா சொல்லுவார்கள்?

இதற்கும் மேலே ஒன்று. நம் பக்கத்தில் மாலைக்கும் பொம்மைக்கும் உபயோகப்படுகிற நெட்டி இருக்கிறதே, அதன் இனத்தைச் சேர்ந்த சில செடிகளின் முடிச்சிலிருந்து எடுத்த இரண்டு கிருமிகளின் முழு எழுத்தையும் 2007இல் படித்துப் பார்த்தபோது, அவற்றில் நாட்-ஏ, பி, சி என்ற மூன்றுமே இல்லை. சாவியே இல்லாமல் கதவு திறக்கிறது! பூட்டுச் செய்த ஆசாரியைப் பற்றிக் கதை சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்களோ தெரியவில்லை. நமக்குச் சமாதானம் வேண்டியதில்லை. உயிர்கள் கிடைத்ததைக் கொண்டு கிடைத்த வழியில் பிழைத்து வந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், இப்படி ஓரிடத்தில் ஒரு வழியும் வேறிடத்தில் வேறு வழியும் இருப்பதுதான் நியாயம்.

உள்ளே போன பிறகு நடப்பது நிஃப் எனப்படும் ஜீன்களின் வேலை. நைட்ரஜனைப் பிரிக்கும் இயந்திரத்தின் பாகங்கள் நிஃப்-எச், டி, கே என்ற மூன்று ஜீன்களின் புரதங்கள். இரும்பும் கந்தகமும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சிறு கட்டிதான் அந்த இயந்திரத்தின் அடுப்பு. இந்த அடுப்புக்கு ஆக்சிஜன் எமன், பட்டால் கெட்டுப்போகும். கிருமிக்கோ சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இந்தத் தொல்லைக்குச் செடி ஒரு வழி செய்திருக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினின் ஒன்றுவிட்ட சகோதரன்போன்ற ஒரு சிவப்புச் சரக்கைச் செய்து முடிச்சுக்குள் நிரப்பி, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. 1939இல் ஜப்பானில் குபோ என்பவர் இதை அடையாளம் கண்டார். வாசகர்கள் இதற்குச் சர்வகலாசாலைக்குப் போக வேண்டியதில்லை. பூக்கும் பருவத்து உளுந்தையோ கடலையையோ மெதுவாய்த் தோண்டியெடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்பாயிருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. மேடையில் செடியைத் தூக்கிப் பிடித்த பிரசங்கியார் ஒரு முடிச்சையாவது கிள்ளிப் பார்த்தாரா என்றால், இல்லை.

இந்த நிஃப் ஜீன்கள் பிரம்மாவின் எழுத்து, அழிக்கவும் மாற்றவும் முடியாதது என்பாருமுண்டு. 1972இல் இங்கிலாந்தில் டிக்சன், போஸ்ட்கேட் என்ற இருவர், மண்ணிலும் தண்ணீரிலும் தனித்து வாழ்ந்து நைட்ரஜனைப் பிரிக்கும் ஒரு கிருமியிலிருந்து இவற்றை, குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமிக்கு மாற்றினார்கள். அதன் பரம்பரையில் யாரும் செய்தறியாத அந்த வேலையைக் குடற்கிருமி செய்தது. இதே மாதிரி நெல்லுக்கும் கோதுமைக்கும் செய்துவிட வேண்டுமென்று பல தேசங்களில் பாடுபடுகிறார்கள். அது இன்னும் கைகூடவில்லை. கைகூடாததைக் கைகூடிவிட்டதென்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை.

மனிதன் பரிசோதனைசாலையில் மாற்றினான், இயற்கையில் மாறுமா என்று கேட்கலாம். நியூசிலாந்து தேசத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்னும் தீவனப் பயறைப் பயிரிட்டார்கள். பெயரைக் கேட்டுத் தாமரை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் குளத்துக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்த மண்ணில் அச்செடிக்கு முடிச்சுப் போடும் கிருமி எதுவும் கிடையாதாகையால், வெளியிலிருந்து ஒரே ஒரு வகைக் கிருமியை விதையோடு சேர்த்து விதைத்தார்கள். ஏழு வருஷம் கழித்து சல்லிவன், ரான்சன் முதலியவர்கள் போய் முடிச்சுகளைக் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இருப்பவை பலவிதமான கிருமிகள்! எங்கிருந்து வந்தன? எங்கிருந்தும் வரவில்லை. அந்த மண்ணிலேயே முடிச்சு என்றால் என்னவென்று தெரியாமல் வாழ்ந்துகொண்டிருந்த கிருமிகள், விதைத்த கிருமியிடமிருந்து சுமார் 5 லட்சம் எழுத்துள்ள ஒரு துண்டை அப்படியே வாங்கித் தங்கள் பிரதான இழையில் செருகிக்கொண்டிருந்தன. 1995இலும் 1998இலும் இது வெளியிடப்பட்டது. துண்டு செருகப்படுவது ஒவ்வொரு தடவையும் இழையில் ஒரே குறிப்பிட்ட இடம். அதை வெட்டி ஒட்டுவதற்கான ஜீனும் அந்தத் துண்டிலேயே இருக்கிறது. பரிசோதனைசாலையில் இரண்டு கிருமிகளையும் சேர்த்துவிட்டு இதே மாற்றம் நடப்பதையும் காட்டினார்கள்.

நமது தோழர்களில் ஒருவர் இதைக் கேட்டதும், "பிறவியால் வராத யோக்கியதை சேர்க்கையால் வருகிறது பார்த்தீர்களா, இதை நம் பிரசாரத்துக்கு உபயோகிக்கலாமே" என்றார். வேண்டாம் என்றோம். மனிதனுக்கு மனிதன் சமம் என்பதற்குக் கிருமியின் சாட்சி தேவையில்லை. கிருமியைக் காட்டித் தர்மம் பேசுவது பிரசங்கியாரின் தொழில்.

"அந்தத் துண்டைக் கொடுத்து வாங்க வைத்ததும் ஆண்டவனே" என்று பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். 1990களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பைசெருலா என்னும் மேய்ச்சற் பயறைக் கொண்டுவந்து, அதற்குத் தகுந்த நல்ல கிருமியையும் சேர்த்து விதைத்தார்கள். ஆறே வருஷத்தில் அங்கும் மண்கிருமிகள் முடிச்சுத் துண்டை வாங்கிக்கொண்டன. ஆனால் இவற்றில் பல, முடிச்சுப் போடுவதில் போட்டி போட்டு முந்திக்கொண்டு, நைட்ரஜன் கொடுப்பதில் மாத்திரம் கையை விரித்துவிட்டன. வீடும் உண்டு, சாப்பாடும் உண்டு, வேலை மாத்திரம் இல்லை. நம் நாட்டில் மடங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமில்லைதான். ஆனால் செடிக்குச் சோறு போடுவதற்கென்று செய்யப்பட்ட ஏற்பாடு என்பவர்கள், சோறு போடாத இந்த முடிச்சு யாருடைய ஏற்பாடு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னும் ஓர் உதாரணம் மாத்திரம். தக்காளிக்கும் கத்தரிக்கும் வாடல் நோய் கொண்டுவரும் ரால்ஸ்டோனியா என்னும் கிருமியை நம் குடியானவர்கள் பெயர் தெரியாவிட்டாலும் நன்றாய் அறிவார்கள். பிரான்சில் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், தொட்டாற்சுருங்கி வேரில் முடிச்சுப் போடும் ஒரு கிருமியின் மூட்டையை இந்த வாடல் கிருமிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் அது முடிச்சுப் போடவில்லை. பிறகு ஏராளமான தொட்டாற்சுருங்கிச் செடிகளில் விட்டுப் பார்த்ததில், சிலவற்றில் முடிச்சு வந்தது. வந்தவற்றை ஆராய்ந்தால், செடியைத் தாக்குவதற்கான அதன் சொந்த ஜீன்களில் ஒன்று தற்செயலாய்க் கெட்டுப்போயிருந்தது! 2010இல் வெளியான இந்தப் பரீட்சையில் அந்தக் கிருமி செடிக்கு நைட்ரஜன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் எமனாயிருந்தது குடித்தனக்காரனாவதற்கு ஒரு மூட்டையும் ஒரு பழுதும் போதுமானதாயிருந்தது. மந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டுக்கும் இடையே "தாய் பிள்ளை அன்பு" என்று பிரசங்கியார் உருகினாரே, அதையும் விட்டுவிடக் கூடாது. 2003இல் அமெரிக்காவில் சோயா முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் என்னும் வாயுவை வைத்தார்கள். கிருமி பாவம், வேலை செய்யத் தயார், சரக்கு இல்லை. செடி என்ன செய்தது? தயவு தாட்சண்யமின்றி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. கிருமிகளின் பெருக்கமும் குறைந்துபோயிற்று. இது அன்பானால், கூலிக்காரனை வேலையில்லாத நாளில் பட்டினி போடும் பண்ணையாரின் அன்பும் அன்புதான்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, சோயா விதைக்கப் போகும் அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். ஒரு பிடி சாணத்தில் கோடி கிருமி இருப்பது மெய்யாகவே இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். உங்கள் கிணற்று மோட்டாரைச் சுற்றிக் கட்டத் தெரிந்தவன் அதில் எத்தனை பேர் என்பதல்லவா கேள்வி? சாணம் நல்ல எரு. மண்ணுக்கு அதனால் நன்மை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சோயாவின் வேர் கசியவிடும் சாரத்தைக் கேட்டு விழித்துக்கொள்ளும் நாட் ஜீன்களும், நைட்ரஜனைப் பிரிக்கும் நிஃப் ஜீன்களும் சேர்ந்த கிருமி அந்தப் பிடியில் இருந்தாலொழிய, கோடியும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான்.

சோயா நம் மண்ணில் பிறந்த பயிரல்ல. சீனப் பக்கத்துப் பயிர். கடலைக்கும் உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் ஏற்ற கிருமிகள் நம் மண்ணில் அனேகமாய் எங்கும் இருக்கின்றன. எனவே அந்தப் பயிர்களில் பொட்டலம் போட்டாலும் போடாவிட்டாலும் முடிச்சு வரும். எது உசத்தி என்பதில்தான் தகராறு. பொட்டலத்து நல்ல கிருமியை நாட்டுக் கிருமி முந்திக்கொள்வதும் உண்டு. ஆனால் சோயா முன்பின் விளைந்திராத நிலத்தில் அதற்கான கிருமி பெரும்பாலும் கிடையாது. பிரேசில் தேசத்தில் இன்று பரந்து கிடக்கும் சோயா வயல்களுக்கு அனேகமாய் யூரியாவே போடுவதில்லை என்றால், அதற்குக் காரணம் பிரேசிலுக்கு மாத்திரம் பூமாதாவின் விசேஷ அருள் வாய்த்ததல்ல. யோஹன்னா டோபரைனர் போன்றவர்கள் பல வருஷம் முயன்று, அந்த மண்ணுக்கும் அந்தப் பயிருக்கும் தகுந்த கிருமியைப் பொறுக்கியெடுத்து விதையோடு சேர்க்கும் பழக்கத்தை அங்கே நிலைநாட்டியதேயாகும்.

பொட்டலம் விற்பவர்களையும் நாம் சும்மா விடப்போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் நமது மைத்துனர் ஒருவர் சோயாவுக்காகக் கடையொன்றில் பொட்டலம் வாங்கினார். வெயில் நேராக விழும் தகரக் கூரையின் கீழ், பூச்சிமருந்துப் பெட்டிக்குமேல் கிடந்த சரக்கு. தேதி கடந்து நாலு மாதம். கிருமி என்பது கல்லோ உப்போ அல்ல, உயிர், சூட்டில் சாகும். முளைத்த செடி நாற்பதாம் நாள் மஞ்சளாய் நின்றது. பிடுங்கினால் வேர் நூல்போல வழுவழுவென்றிருக்கிறது. ஒரு முடிச்சு இல்லை. கடைக்காரர் மண் சரியில்லை என்றார். ஊர்ப் பூசாரி கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழத்துக்குப் பணம் வாங்கினார். ரோதாம்ஸ்டெட்டில் மண்ணைச் சுட்டார்கள், இங்கே பொட்டலத்தைச் சுட்டார்கள். அங்கே தப்பு வெளியாயிற்று, இங்கே எலுமிச்சம்பழத்தில் மூடப்பட்டது. ஒருவன் செத்த கிருமியை விற்கிறான், ஒருவன் கிருமியே வேண்டாமென்கிறான். நஷ்டம் இரண்டிலும் ஒரே ஆளுக்குத்தான்.

அந்த இரவு பஸ் வரும்வரை நமக்குத் தெரிந்ததை அந்த விவசாயிக்குச் சொன்னோம். நாம் காலேஜ் பார்த்தவரல்ல. வாசகசாலையில் படித்ததும், கேட்டதும், வயலில் கிள்ளிப் பார்த்ததும்தான் நம் படிப்பு. மறுவாரம் அவர் புதுத் தேதியுள்ள சோயாப் பொட்டலமாகக் கேட்டு வாங்கி, நிழலில் வைத்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலிலேயே அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்தார். நாம் சொன்னபடி ஓரத்தில் 6 வரிசை மாத்திரம் பொட்டலமில்லாமல் விட்டிருக்கிறார். கைப்பட்டுக் கிருமி போய்விடக் கூடாதென்று அந்த 6 வரிசையைத்தான் முதலில் விதைத்தார். பிரசங்கியாரின் மனம் நோகாதிருக்க, அதில் 3 வரிசைக்கு நாட்டுப் பசுவின் சாணமும் தாராளமாய் இட்டிருக்கிறார்.

நாற்பதாம் நாள் காலையில் மூன்று பகுதியிலும் பத்துப் பத்துச் செடியை ஊரார் முன்னிலையில் தோண்டி, முடிச்சை எண்ணி, நகத்தால் கிள்ளி, நிறம் பார்ப்பது என்று ஏற்பாடு. தேதியும் இடமும் ஒரு வாரம் முந்தி இப்பத்திரிகையில் அறிவிக்கப்படும். பிரசங்கியார் அவசியம் வரவேண்டும்; செடியைத் தோண்டும் வேலையை அவரிடமே ஒப்படைக்கிறோம். பஸ் சார்ஜ் நம்முடையது.